பேயா வந்த ஆச்சியோட கூலி: தம்பிக்கு ஒரு கடிதம்

ஏல தம்பி,

நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்பிடுதியா. போன் போட்டா எடுக்க மாட்டேங்க, எடுத்தாலும் வேலையா இருக்கேன்க்கான்னு சொல்லி வச்சிருத. அம்மா கிட்ட மட்டும் இனிமே படம் எடுக்குறதே வேண்டாம், ஊருக்கே வந்துருதேன், ஏதாவது கடைல கணக்கு எழுதிப் பொழச்சுக்கிடுதேன்னு சொன்னியாம். அம்மா அன்னைக்கி ராத்திரி பூரா தூங்கல. அதான் எழுதுதேன். வீட்டு விஷயத்த எதுக்கு எல்லாரும் வாசிக்கிற எடத்துல எழுதுதன்னு கோவப்படாத, நீ எடுத்த பேய்ப்படம் நல்லால்லன்னு சொன்னவங்க எல்லாரும் நாலு பேரு கேக்கத்தான் சொன்னாவ, நான் மட்டும் உன் காதுக்குள்ள வந்து நல்லா இருக்குன்னு சொன்னா அக்கா சமாதானத்துக்கு சொல்லுதான்னு தான் நெனப்ப. நல்லா இருக்குறதயும் சொல்லுதேன், எனக்கு மனசு கெட்ட எடத்தயும் சொல்லுதேன், முழுசா வாசி.

வெள்ளிக்கிழமை சாயங்கால ஷோ, டவுன்ல, நம்ம வீட்டுல இருந்து ஒம்பது பேரு போனோம். அம்மா, உங்க அத்தான், ரெண்டு பிள்ளைக, பெரியம்மை, மாமா, மைனி, நான், பொறவு பக்கத்து வீட்டு ஆச்சியயும் கூட்டிட்டுப் போனேன், அந்த ஆச்சி இருவது வருஷத்துக்கும் மேல ரைஸ்மில்லுல நெல்லு அவிச்சவ, உன் படம் ரைஸ்மில்லுல நடக்குற கதைன்னு சொன்ன ஒடனே சேலைய மாத்திட்டு வாசல்ல வந்து நின்னுட்டா. தியேட்டர்ல கால்வாசி தான் ஆளு. அத நெனச்சு நீ வருத்தப்பட்டிருப்ப, ஆனா கால்வாசி ஆளு இருந்ததுனால எனக்கு ஒவ்வொருத்தர் சத்தமும் தனித்தனியா கேட்டுது, எவன் எங்க சிரிச்சான், எவ எங்க பக்கத்துல உள்ளவ கையப் பிடிச்சா, எல்லாம் கேட்டுது.

மாமா இன்டர்வெல்லுக்கு டீ குடிக்கப் போனாவ, திரும்பி உள்ள வரல. வெளிய வந்து கேட்டா, பேய்ப்படம்னா பேயி வரணும், இதுல அது பாட்டுக்கு நெல்லக் கிண்டிக்கிட்டு இருக்குங்காவ. உங்க அத்தானுக்கு மொத பாதி ரொம்பப் பிடிச்சிது, ரெண்டாவது பாதில மூணு தடவ மணி பாத்தாவ. சின்னவன் பாதிப் படத்த என் முந்தானைக்குள்ள இருந்து தான் பாத்தான், வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்கு தனியா போக மாட்டேன்னுட்டான். பெரியவ காலேஜ் போறால்லா, அவ சொன்னது, இது பேய்ப்படமும் இல்ல காமெடிப் படமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல நிக்குன்னு. எங்க ஸ்டாஃப் ரூம்ல திங்கக்கிழமை இதப் பத்தி பெரிய சண்டையே வந்துட்டு, சயின்ஸ் டீச்சர் நல்லா இருக்குங்காவ, கணக்கு சார் பாதில எந்திரிச்சு வந்துட்டேங்காவ. நீ படிச்ச விமர்சனத்துலயும் இதே தான எழுதிருப்பாவ, பயமும் இல்ல சிரிப்பும் இல்லன்னு ஒரு கூட்டம், ரெண்டும் இருக்குன்னு ஒரு கூட்டம். ஒரே படத்துக்கு இப்படி ரெண்டு பேச்சு வருதுன்னா ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னு தான் நான் நினைக்கேன், அவங்க அவங்க மனசுல எந்த எடம் தங்கிச்சோ அத சொல்லுதாவ.

எனக்குத் தங்குன எடத்த சொல்லுதேன். ராத்திரி ரெண்டு மணி. வாட்ச்மேன் அண்ணாச்சி கயித்துக் கட்டில்ல படுத்திருக்காரு. நெல்லு காயப் போடுத களத்துல சரக் சரக்னு சத்தம். டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு பொம்பள காலால நெல்லத் தள்ளுத மாதிரி போறா. அவரு பயப்படல, ஏன்னா அவரு கண்ணுக்கு அது பேயாத் தெரியல, வேலைக்கு வந்த ஆளாத் தெரியுது. "ஏன் ஆச்சி, நெல்லே இல்லாத களத்துல என்னத்தக் கிண்டுத"ன்னு கேட்டுட்டு ஃபிளாஸ்க்ல இருந்து டீய ஊத்தி நீட்டுதாரு பாரு, அவ டம்ளர வாங்குத வரைக்கும் தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விடல, டம்ளர் அந்தரத்துல நிக்கவும் ஒரு சிரிப்பு வந்துது, பயந்தாங்கொள்ளி சிரிப்பு இல்ல, அந்த மனுசன் மேல உள்ள பிரியத்துல வந்த சிரிப்பு. அவ அவருகிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான். கூலி எங்க.

பக்கத்து வீட்டு ஆச்சி அப்ப என் காதுல சொன்னா, ரெண்டு மணிக்கு வாரது சரி தான் மோளே, நெல்லு அவிக்க அப்ப தான் போவோம்னு. முந்தின நாளே தொட்டில ஊறப் போட்டு, ராத்திரி பாய்லருக்கு உமியத் தள்ளி அவிச்சு எடுத்தா தான் வெயில் ஏறும்போது களத்துல பரத்த முடியும், பரத்துனத காலால திருப்பிக்கிட்டே இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் காஞ்சா மெஷின்ல போடும்போது அரிசி ஒடஞ்சு குருணையாப் போயிரும். ஊரு பூரா தூங்குத நேரம் அவளுக்கு வேலைக்குப் போற நேரம். உலகத்துல எல்லாப் பேயும் நடுராத்திரில வருதுன்னா பயங்காட்டுததுக்கு வரும், உன் பேயி டூட்டிக்கு வருது. தம்பி, இத எழுதுன நீ கணக்கு எழுதப் போறேங்க.

அதே மாதிரி இன்னொண்ணு. பேயி முன்னாடி நிக்கும்போது கூட அசையாத அந்த அண்ணாச்சி, மொதலாளி போன் ரிங்டோன் கேட்ட ஒடனே எந்திரிச்சு நின்னு சட்டை பட்டன் போடுதாரு, கை நடுங்குது, பேய பாத்து "செத்த நேரம் சும்மா இரு"ன்னு கையக் காட்டுதாரு, பேயும் சும்மா இருக்கு. அதுக்கும் பயம் தான, உயிரோட இருந்தப்ப உள்ள பயம். நான் பத்தாங்கிளாஸுக்கு தமிழ் எடுக்கேன்ங்கிறதுனால எனக்கு ஒடனே தொல்காப்பியம் தான் ஞாபகம் வந்துது. மெய்ப்பாடு, அதாவது மனசுல உள்ளது ஒடம்புல தெரியுதது, எட்டுல மொதல்ல வாரது நகை, அதான் சிரிப்பு, அஞ்சாவது அச்சம். அச்சம் நாலு எடத்துல இருந்து பொறக்கும்னு சொல்லுது, அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்குன்னா இந்த மாதிரி பேய் தெய்வம், இறைன்னா நமக்கு மேல உக்காந்திருக்கவன். இந்த ரெண்டு பயத்தயும் ஒரே ஃப்ரேம்ல நிக்க வச்சு எது பெருசுன்னு கேட்டிருக்க நீ. நீ அத வாசிச்சிட்டு எழுதலன்னு எனக்குத் தெரியும், நம்ம அப்பாவப் பாத்து எழுதிருக்க. அப்பா மொதலாளி போன எப்பவும் நின்னுக்கிட்டே தான எடுப்பாவ.

நகைக்கும் நாலு எடம் சொல்லுது அதுல. எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் அடுத்தவனக் கேலி பண்ணுதது, பேதைமை ஒண்ணும் அறியாத வெள்ள மனசு. உன் மொத பாதில வாட்ச்மேன் அண்ணாச்சியால வாரது பூரா பேதைமைல பொறந்த சிரிப்பு, கள்ளங்கபடம் கிடையாது. ரெண்டாவது பாதில அந்த குண்டுப் பையன் வாரான், வந்த நிமிஷத்துல இருந்து அவன் ஒடம்பு, அவன் தின்னுதது, அவன் ஓட முடியாம விழுதது, இத வச்சே இருவது நிமிஷம். இது எள்ளல். தியேட்டர் அங்க தான் அமைதியாச்சு, நான் கவனிச்சேன். எனக்கு முன் வரிசைல ஒரு பிள்ள, எட்டாங்கிளாஸ் இருக்கும், கொஞ்சம் தடிச்ச பையன், டம்ளர் சீனுக்கு சத்தம் போட்டு சிரிச்சவன் இந்த சீன் வந்ததும் சீட்டுல கீழ எறங்கி உக்காந்துட்டான். எனக்கு அங்க மனசு கெட்டுப் போச்சு. நீயும் சின்ன வயசுல ஸ்கூல்ல எப்படி அழுதுக்கிட்டு வருவன்னு எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. அது உன் எழுத்து இல்ல, யாரோ கமர்ஷியலா ஏதாவது வேணும்னு சொல்லி சேத்திருக்க. அதுக்கு நீ ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது.

பயத்தயும் சிரிப்பயும் சேத்து வைக்க முடியாதுன்னு உனக்கு யாராவது சொன்னா நம்பாத. நம்ம ஊரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவ நெனச்சுப் பாரு. சாயங்காலத்துல இருந்து வில்லுப்பாட்டு, பாட்டு நடத்துத அண்ணாவி கதை சொல்லச் சொல்ல பின்பாட்டுக்காரரு ஒரு வார்த்தைய மாத்திப் போட்டு சபைய சிரிக்க வைப்பாரு, நம்ம பெரியம்மை எல்லாம் பாய்ல உருண்டு சிரிக்கும். அந்தப் பக்கம் கணியான் கூத்துல மகுடம்ங்கிற மேளம் ரெண்டும் பேசும், பொம்பள வேஷம் கட்டுன ரெண்டு பேரும் ஆடிக்கிட்டே அண்ணாவிய வம்புக்கு இழுப்பாவ. அதே ராத்திரி சாமக்கொடைல சாமியாடுத கோமரத்தாடி பந்தத்த எடுத்துக்கிட்டு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது தெருவுல ஒரு வீட்டுக் கதவு தொறந்திருக்காது, நீயும் நானும் ஒரே போர்வைக்குள்ள அம்மா கால கட்டிப் பிடிச்சிட்டு கெடப்போம், மணிச் சத்தம் நம்ம வாசலத் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு விட மாட்டோம். ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி சிரிச்ச அதே சனம் தான அது. நமக்கு ரெண்டும் ஒரே ராத்திரி தான்.

ஆனா அங்க ஒரு கணக்கு உண்டு, அத நீ கடைசில விட்டுட்ட. கொடைல எவ்வளவு கேலி நடந்தாலும் மாடனக் கேலி பண்ண மாட்டாவ. கேலி எல்லாம் மனுசன் மேல. சாமி சாமியா நிக்கும். உன் ரெண்டாவது பாதில அந்தப் பேய் ஆச்சி தலைல பக்கெட் கவுருது, ஆச்சி வழுக்கி விழுதா, ஆச்சி பாட்டுக்கு ஆடுதா. தியேட்டர் சிரிச்சிது, இல்லங்கல, நல்ல சத்தமா சிரிச்சிது. அந்த ஒரு சிரிப்புக்கு நீ குடுத்த விலை என்னன்னா அதுக்கப்புறம் கிளைமாக்ஸ்ல அவ கண்ண உருட்டிக்கிட்டு வரும்போது ஒருத்தருக்கும் பயம் வரல. பக்கெட் கவுந்த தலைதான அது. பெரியவ ரெண்டுக்கும் நடுவுல நிக்குன்னு சொன்னது இதத் தான்.

பொறவு அந்த வெள்ளச் சேலை. மொத பாதில களத்துச் சேலை, முட்டுக்கு மேல தூக்கிச் சொருகுனது, தலைல துண்டு, அது தான் சரி. இன்டர்வெல் முடிஞ்சு வந்தா வெள்ளச் சேலை, விரிச்ச முடி, எங்கிருந்துல வந்துது அது? நம்ம பக்கத்து இசக்கியம்மன் செகப்புப் பட்டு கட்டி கையில பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கா, அவளப் பாத்தா வராத பயமா வெள்ளச் சேலையப் பாத்தா வந்துரும். நம்ம ஊருப் பேயிக்கு நம்ம ஊரு உடுப்பு இருக்கு, அத நீயே கண்டுபிடிச்சு வச்சிருந்த, பொறவு கைவிட்டுட்ட.

ஏன் கைவிட்டன்னும் எனக்குப் புரியுது. பேய்ப்படத்துக்கு பெரிய ஹீரோ வேண்டாம், ஒரு கட்டடம், ஒரு ராத்திரி, நாலு நடிகருங்க இருந்தா போதும், கையில காசில்லாத புது ஆளுக எல்லாம் அதனால தான் இந்தப் பக்கம் வாரது. ஆனா 2007ல முனி, 2011ல காஞ்சனா, 2014ல யாமிருக்க பயமே, அரண்மனைன்னு வரிசையா வந்து போன பொறவு நம்ம சனத்துக்கு அந்த ரூட்டு மனப்பாடம். மொத பாதி சிரிப்பு, இன்டர்வெல்லுல பேயி, பொறவு ஃப்ளாஷ்பேக்ல அதுக்கு நடந்த அநியாயம், கடைசில கோயில்ல வச்சு முடிவு. பிஜிஎம், அதான் பின்னணி இசை, கொஞ்சம் ஏறுனா சின்னவனே காதப் பொத்திக்கிடுதான், இப்ப வரும்மாங்கான், வருது. நீ மொத பாதில பிஜிஎம்மே இல்லாம வெறும் சரக் சரக் சத்தத்த மட்டும் விட்டியே, அதுல தான் மாமாவத் தவிர எல்லாரும் பயந்தோம். காசு இல்லாததுனால அப்படி விட்டியோ தெரிஞ்சே விட்டியோ, அது தான் படத்துலயே ஒசத்தியான சத்தம். ரெண்டாவது பாதில ஒரு எடத்துல கூட சும்மா இருக்க விடல.

விமர்சனம் சொன்னவங்க மேல ரொம்பக் கோவமா இருக்கன்னு அம்மா சொன்னா. 2024 நவம்பர்ல தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் தியேட்டர் வளாகத்துக்குள்ள வச்சு ஜனங்க கிட்ட விமர்சனம் எடுக்க சேனல்காரங்கள விடாதீங்கன்னு தியேட்டர்காரங்க கிட்ட கேட்டாவல்லா, அது பெரிய படத்துக்குப் பேசுத பேச்சு. போஸ்டர் ஒட்டவே காசில்லாத உன் படத்துக்கு வெளிய வாரவங்க வாய் தான் போஸ்டர். மைக்கப் பாத்து திட்டுனவனும் டிக்கெட் எடுத்து உள்ள போய் உக்காந்தவன் தான. நாலு நாள்ல ஷோவக் கொறச்சது உனக்கு வயித்தெரிச்சல், எனக்கும் தான், ஆனா அந்தக் கோவத்த டிக்கெட் எடுத்தவன் மேல காட்டாத.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன். படம் முடிஞ்சு ஆட்டோவுக்கு நிக்கோம். அம்மா கேட்டா, ஏட்டி, கடைசில அந்த ஆச்சிக்கு கூலி குடுத்தாவளா இல்லியா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது உங்க அத்தானும் அதையே கேட்டாவ. ரெண்டுக்கும் நடுவுல நிக்குன்னு சொன்ன பெரியவ மறுநாள் காலைல பல்லு விளக்கிக்கிட்டே வந்து, அம்மா, அந்த மொதலாளி பணம் குடுக்கவே இல்லலாங்கா. பாதில எந்திரிச்சு வந்த கணக்கு சாரு கூட ஸ்டாஃப் ரூம்ல கேட்டது, கடைசில கூலி கெடச்சுதா டீச்சர்ங்கிறது தான். பிடிச்சவங்க, பிடிக்காதவங்க, பாதில போனவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி. மொத சீன்ல இருந்து அவ கேட்டது அது ஒண்ண தான் தம்பி. நீ என்ன செஞ்ச, ஒரு மந்திரவாதியக் கொண்டாந்து, தீயப் போட்டு, கிராஃபிக்ஸ்ல அவளக் கரைச்சு விட்டுட்ட. மொதலாளி நல்லவனாத் திருந்தி சிரிச்சுக்கிட்டு கார்ல ஏறிப் போறாரு. கேட்டவளத் தீ வச்சிட்டு குடுக்க வேண்டியவன வழியனுப்பி வச்சிருக்க. அந்தக் கிராஃபிக்ஸுக்கு நீ செலவழிச்ச காசு தான் மொத்தப் படத்துலயும் வீணாப் போன காசு.

அந்த வெள்ளத்துக் கோடு ஷாட்டப் பத்தி சொல்லாம விட்டா எனக்கு ஆறாது. 2023 டிசம்பர் 17, 18 மழைய நம்ம யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு, இங்க திருநெல்வேலில ஆறு பெருகி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை எல்லாம் தண்ணி. உன் மில்லுச் சுவத்துல ஆளு ஒசரத்துக்கு அந்தச் சேத்துக் கோடு இருக்கு, ஆச்சி அத ஒட்டி நடந்து போறா, அவ தலை அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கு. ஒரு வசனமும் கிடையாது. தியேட்டர்ல பின்னாடி இருந்து ஒரு ஆளு, நம்ம வீட்டுலயும் இம்புட்டுக்கு நின்னுதுன்னு தன்னால சொன்னாரு. மெட்ராஸ்ல இருந்து விமர்சனம் பண்ணுதவருக்கு அந்தக் கோடு தெரியாது, தெரியாதது அவரு குத்தமும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சுது. நீ எங்களுக்காக எடுத்த ஷாட்டு எங்க கிட்ட வந்து சேந்துட்டு.

அதனால வேலைய விடுததப் பத்தி பேசாத. ஓடிடிக்கு குடுக்க பேசிக்கிட்டு இருக்கோம், வேற மாதிரி வெட்டித் தாங்கன்னு கேக்காவன்னு அம்மா கிட்ட சொன்னியாம்லா, அப்ப எனக்காக ரெண்டு காரியம் செய்யி. குண்டுப் பையன் சீன எடுத்துரு. பொறவு, நீ எடிட்டிங்ல வெட்டுனதா மின்ன என்கிட்ட சொன்னியே, அந்த மொதலாளி நோட்டுப் புத்தகத்தத் தொறந்து அவ பேரத் தேடுத சீன், நீளமா இருக்குன்னு தூக்கிட்டேன்ன, அத கடைசில கொண்டு வந்து வையி. மந்திரவாதி வேண்டாம். அவரு தேடட்டும், பேரு இல்லாட்டாலும் இல்லாம இருக்கட்டும், அந்த அண்ணாச்சி டார்ச்ச அடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஆச்சி அன்னைக்கி ஆட்டோவுல ஒண்ணுமே பேசல. எறங்கும்போது தான் சொன்னா, அவ வேலை பாத்த மில்லு ஒரு நாள் காலைல போய்ப் பாத்தா பூட்டிக் கெடந்துதாம், கடைசி எட்டு நாள் கூலி இன்னைக்கி வரைக்கும் வரல. யாரு மில்லுன்னு பேரு சொல்ல மாட்டேன்னுட்டா, அதெல்லாம் எதுக்கு இப்பங்கா. உன் படத்துப் பேயப் பத்தி அவளுக்கு ஒரே ஒரு கொறை தான். பேயா நடிச்ச அந்தப் பிள்ள நெல்லு மேல கால தூக்கித் தூக்கி வச்சு நடக்கு, அப்படி நடந்தா நெல்லு திரும்பாது, பாதத்தத் தரையோட ஒட்டி இழுத்துக்கிட்டே போகணும், போன தடம் வாய்க்கா மாதிரி கோடு விழணும், அப்ப தான் அடி நெல்லு மேல வரும்ங்கா. சத்தமும் சரக் சரக்னு வராதாம், ஒரே இழுப்பா வருமாம்.

சித்திரைல கொடை வருதுல்லா, அதுக்கு கேமராவயும் எடுத்துக்கிட்டு வா. ஆச்சி நடந்து காட்டுதேன்னு சொல்லிருக்கா. களத்துக்கு சொல்லி வச்சிட்டேன், நெல்லு ரெண்டு மூட்டை நான் வாங்கிப் போடுதேன், ஆச்சிக்கு அன்னைக்கி கூலி நீ குடு.

உன் அக்கா.